எந்த அவுரி? பெயரைத் தெளிவாகச் சொல்லி விதைப்போம்

பட்டினப்பாக்கத்தில் குடியிருப்பவனுக்கு விவசாயப் பக்கத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். எங்கள் மாடியில் வைத்த துளசிச் செடியே உப்புக்காற்றில் கருகிப்போகிறது. ஆனால் என் சொந்த ஊர் திண்டிவனம் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். பங்கில் வந்த இரண்டு ஏக்கர் புன்செய் இன்னும் இருக்கிறது. சின்னம்மா மகன்தான் அதைப் பார்த்துக்கொள்கிறான். அந்த நிலத்துக்கு வந்த ஒரு நஷ்டத்தின் காரணம், மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடை வாசலில் எனக்குப் புரிந்தது. அதை விவசாய அன்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தலை நரைத்தவர்கள் இப்போது மருதாணியும் அவுரியும் வாங்கிப் பூசுகிறார்கள். முதலில் மருதாணி, அது சிவந்த பிறகு அவுரி. இரண்டும் சேர்ந்தால் முடி கறுத்துவிடும். என் வீட்டாரும் வாங்கிவரச் சொன்னார்கள். கடையில் போய், "அவுரிப் பொடி நூறு கிராம் கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "எந்த அவுரி சார்? தலைக்கா, வயித்துக்கா?" என்று கேட்டார்.

என் பக்கத்தில் நின்ற வயதான அம்மாளும் அவுரி கேட்டுத்தான் வந்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மலச்சிக்கலுக்கு. எனக்கு வேண்டியது நரைக்கு. மேஜைமேல் இரண்டு பொட்டலம் வந்தது. இரண்டும் பச்சை நிறப் பொடி. இரண்டின் மேலும் பென்சிலால் ஒரே சொல்: அவுரி. கடைக்காரர் கவனமுள்ளவர். கேட்டு, பிரித்து, எது யாருக்கு என்று சொல்லிக் கொடுத்தார். அவர் கேட்காமல் இருந்திருந்தால்? என் முடி வெளுத்தபடியே இருந்திருக்கும். அதனால் குடி முழுகிப்போகாது. அந்த அம்மாள் சாயப் பொடியை வெந்நீரில் கரைத்துக் குடித்திருப்பார்கள். அதுதான் கவலைக்குரிய விஷயம்.

ஒரு சொல், இரண்டு செடி

விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் புதுச்சேரியை ஒட்டிய கிராமங்களிலும் அவுரி என்றால் நீலச் சாயம் எடுக்கிற செடி. தாவர நூலில் அதன் பெயர் இண்டிகோஃபெரா டிங்டோரியா. நீலி என்றும் சொல்வார்கள். நீலத்தைத் தருவதால் வந்த பெயர் அது. பழையனூர் நீலிக்கும் நீலிக் கண்ணீருக்கும் இந்தச் செடிக்கும் சம்பந்தமில்லை. எங்கள் கடற்கரையின் வடகோடியில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெரிய தமிழ் அகராதியும் அவுரிக்கு இந்தப் பொருளைத்தான் சொல்கிறது.

தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் போய் அவுரி என்று சொல்லிப்பாருங்கள். அங்கே கரிசல் காட்டிலும் செம்மண் மானாவாரியிலும் மஞ்சள் பூப் பூத்து நிற்கிற வேறொரு செடியைக் காட்டுவார்கள். அது பேதிக்குக் கொடுக்கிற மருந்துச் செடி. வைத்தியர்கள் அதை நிலாவாரை, நிலவாகை என்பார்கள். காசியா அங்குஸ்டிஃபோலியா என்பது நெடுநாள் வழங்கிய தாவரப் பெயர். வெளிநாட்டுச் சந்தையில் அதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்று பெயர். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அதன் இலையும் காயும் கப்பலேறுகின்றன. ஆவாரைக்கு உறவுச் செடி அது. அதில் நீலம் ஒரு துளியும் கிடையாது.

ஆக, ஒரே மாநிலத்தில், ஒரே மொழியில், ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். வடக்கே சாயம், தெற்கே மருந்து. ஊருக்குள் பேசும்வரை இதனால் கெடுதல் இல்லை. அவரவர் ஊரில் அவரவர் அவுரி எதுவென்று குழந்தைக்கும் தெரியும். தெற்கத்தி வியாபாரி வடக்கே வரும்போதும், பட்டணத்துக் கம்பெனி இரண்டு பக்கமும் சரக்குத் தேடும்போதும்தான் தொல்லை ஆரம்பமாகிறது.

தம்பி கண்ட நஷ்டம்

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊருக்கு ஒரு தரகர் வந்தார். "அவுரி போடுங்க தம்பி, காய்ஞ்ச இலையை நானே வந்து எடுத்துக்கறேன்" என்றார். கிலோவுக்கு ஒரு விலையும் வாயால் பேசினார். என் தம்பிக்கு அவுரி புதிதல்ல. எங்கள் பாட்டன் காலத்தில் அதே நிலத்தில் போட்ட பயிர். அக்கம்பக்கத்தில் விதை வாங்கி ஓர் ஏக்கரில் தெளித்தான். நன்றாக வந்தது. மூன்று மாதத்தில் வெட்டி, உலர்த்தி, சாக்கில் கட்டி வைத்தான்.

தரகர் வந்து சாக்கைப் பிரித்தார். ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "நான் கேட்டது இது இல்லையே. தூத்துக்குடி அவுரி இல்ல கேட்டேன்?" என்றார். தம்பி, "அண்ணே, நீங்க அவுரின்னுதானே சொன்னீங்க" என்றான். "அவுரின்னுதான் சொன்னேன்" என்று அவரும் ஒப்புக்கொண்டார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் ஏமாற்றவும் இல்லை. ஆனால் சரக்கு விலை போகவில்லை.

சாயத் தொட்டி வைத்திருப்பவரிடம் போனால், அவருக்கு வேண்டியது பசுந்தழை. காய்ந்த இலையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? முடிக்குப் பூசும் பொடி அரைக்கிறவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று அப்போது தம்பிக்குத் தெரியாது. மறுதழைப்பு வந்த பயிரை வெட்டாமல் அப்படியே மடக்கி உழுதுவிட்டான். அவுரி பயறுவகைச் செடி. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடித்துவைக்கும். அடுத்த போகம் கேழ்வரகு நன்றாகத்தான் வந்தது. மண்ணுக்கு லாபம் என்று ஆறுதல் சொல்லலாம். விதைக்கூலி, களைக்கூலி, அறுப்புக்கூலி கொடுத்தவனுக்கு அந்த ஆறுதல் போதாது.

வயலில் அடையாளம் காண்பது எப்படி?

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமான காரியம் அல்ல. ஓர் இலைக் காம்பைப் பறித்து நுனியைப் பாருங்கள். சாய அவுரியில் சிற்றிலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே போய், கடைசியில் ஒற்றையாக ஓர் இலை நிற்கும். எண்ணினால் ஒற்றைப்படைதான் வரும். நிலாவாரையில் நுனியிலும் ஜோடியாகவே முடியும். எண்ணினால் இரட்டைப்படை. இந்த ஒரு சோதனையே போதும்.

மேலும் வேண்டுமானால் பூவைப் பாருங்கள். சாய அவுரிக்குச் சின்னஞ்சிறு இளஞ்சிவப்புப் பூ. நிலாவாரைக்குப் பளிச்சென்ற மஞ்சள் பூ. காயைப் பாருங்கள். சாய அவுரியின் காய் மெல்லியது, குச்சிபோல உருண்டது. நிலாவாரையின் காய் அகலமானது, தட்டையானது, காகிதம்போல் மெல்லிய தோல் உடையது. நிலாவாரையின் சிற்றிலை நீண்டு கூர்மையாக இருக்கும். சாய அவுரியின் சிற்றிலை சிறியது, முட்டை வடிவமானது.

மூன்றாவதாக ஒரு செடியும் இந்தக் குழப்பத்தில் சேர்ந்துகொள்கிறது. கொழுஞ்சியை ஆங்கிலத்தில் 'காட்டு அவுரி' என்று பொருள்படும் பெயரால் அழைப்பதுண்டு. அதைப் படித்துவிட்டுக் கொழுஞ்சியில் சாயம் எடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொழுஞ்சி அருமையான பசுந்தாள் உரம்; நீலச் சாயத்துக்கு உதவாது. கொழுஞ்சியின் சிற்றிலையை நுனியைப் பிடித்து இழுத்தால் ஆங்கில 'வி' எழுத்தைப் போலக் கிழியும். மாடு மேய்க்கும் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வது இது. அதுவே அடையாளம்.

பொடியாக்கிவிட்டால் கண்ணால் பிரிப்பது சிரமம். இரண்டும் பச்சை. அப்போது வெதுவெதுப்பான நீரில் குழைத்துச் சிறிது நேரம் வையுங்கள். சாய அவுரியானால் காற்றுப்படுகிற மேல்பாகம் நீலங்கலந்து கறுத்துவரும். நிலாவாரை பச்சையாகவோ மஞ்சள் தட்டியோ கிடக்கும்.

தழையில் நீலம் தெரியாது

சாய அவுரித் தழையைக் கசக்கினால் உடனே கையில் நீலம் ஒட்டாது. தழைக்குள் இருப்பது நிறமில்லாத ஒரு பொருள். தண்ணீரில் ஊறி, நொதித்து, அது பிரிந்து, பிறகு காற்றுப்பட்ட பின்தான் நீலம் பிறக்கிறது.

திண்டிவனம் பக்கம் இன்றும் இதைத் தொட்டி கட்டிச் செய்கிறார்கள். வெட்டிய தழையை மேல்தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்துத் தண்ணீர் விடுவார்கள். அரை நாளோ ஓர் இரவோ ஊறும். ஊறிய தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாக மாறும். அதைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டு, ஆட்கள் இறங்கிக் காலாலும் துடுப்பாலும் அடித்துக் கலக்குவார்கள். காற்றுக் கலக்கக் கலக்க நுரை நீலமாகும். இரண்டு மூன்று மணி நேரம் இந்த வேலை. அடியில் படிகிற சேற்றை எடுத்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தி, வில்லையாக அறுத்து நிழலில் உலர்த்தினால் அதுதான் நீலக்கட்டி. ஒரு டன் பசுந்தழைக்குச் சில கிலோ கட்டிதான் தேறும். சக்கையும் கழிவுநீரும் வயலுக்கு நல்ல எரு.

இவ்வளவு விவரம் எதற்கென்றால், விவசாயியின் பேரமே இதில்தான் அடங்கியிருக்கிறது. தொட்டிக்குப் போகும் தழையை வெட்டிய அன்றே சேர்க்க வேண்டும். வாடிப்போனால் சாயம் குறைந்துவிடும். ஆகவே தொட்டி பக்கத்தில் இல்லாத ஊரில் இதற்காகப் பயிர்செய்வது வீண். முடிப்பொடிக்கு என்றால் தாமதமின்றிக் காயவைத்த இலை வேண்டும். பூவெடுக்கும் தறுவாயில் அறுப்பது நல்லது. இலையில் சாயம் மிகுந்திருக்கும் பருவம் அது. நிலாவாரையின் சங்கதி வேறு. உலர்த்திய இலையும் காயும் மாதக்கணக்கில் இருப்பு வைக்கத் தாங்கும், தூரதேசம் போகும். ஆனால் அதற்கு வேர்முடிச்சு இல்லை. வயலுக்குத் தழைச்சத்துத் தராது. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். நிலம், பக்குவம், அறுவடை, வாங்குகிறவர் எல்லாமே வேறுபட்ட இரண்டு பயிரை ஒரே பெயரால் விற்று வாங்குகிறோம்.

பெயர் பறிபோன பழைய கதை

நீலத்துக்கும் எங்கள் கடற்கரைக்கும் உள்ள தொடர்பு பழையது. பட்டினப்பாக்கத்தை அடுத்த சாந்தோமில் பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் குடியேறினார்கள். 1639இல் ஆங்கிலக் கம்பெனி இந்த மணற்கரையில் இடம் வாங்கியதற்கு முக்கியக் காரணம் துணி வியாபாரம். சாயமேற்றிய துணியும் சித்திரத் துணியும் இங்கே மலிவாகக் கிடைத்தன. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை உண்டானதும் நூற்பவர், நெய்பவர், துணி வெளுப்பவர் முதலானோரைக் குடிவைக்கத்தான். புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த நீலத்துணி பிரெஞ்சு வியாபாரிகள் மூலம் மேற்கு ஆப்பிரிக்கா வரை போயிற்று. அந்தச் சாயத்துக்குத் தழை கொடுத்தது நம் தென்னார்க்காட்டுப் பயிர்.

நீலம் என்ற வடசொல் அரபு நாடு போய், போர்த்துகீசியர் வாயில் 'அனில்' ஆயிற்று. 1840 வாக்கில் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்த ரசாயன அறிஞர்கள், கிடைத்த எண்ணெய்க்கு அந்தப் பெயரை வைத்தே 'அனிலின்' என்று பெயரிட்டார்கள். பின்னால் அதே அனிலினை நிலக்கரித் தாரிலிருந்து எடுத்தார்கள். ஜெர்மானிய அறிஞர் பேயர் நீலத்தை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார். 1897இல் ஜெர்மன் கம்பெனியான பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் இந்திய அவுரி விழுந்தது. நாளடைவில் செயற்கை நீலம் செய்யும் மூலப்பொருளும் அனிலினே ஆயிற்று. நம் செடியின் பெயரைத் தாங்கிய பொருளே நம் செடியை வயலைவிட்டு விரட்டியது.

அவுரி என்றதும் கட்டாயச் சாகுபடி நினைவுக்கு வருவதும் இயல்பே. வங்காளத்தில் 1859, 1860இல் குடியானவர்கள் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். பீகாரில் சம்பாரண் மாவட்டத்தில் இருபதில் மூன்று பங்கு நிலத்தில் அவுரி போட்டே தீரவேண்டும் என்று தோட்ட முதலாளிகள் வற்புறுத்தினார்கள். 1917இல் காந்தியடிகள் அங்கே போய்ப் போராடியதும், 1918இல் சட்டம் வந்து அந்த முறை ஒழிந்ததும் நாம் அறிந்ததே. அன்று விவசாயிக்கு இருந்த குறை, எதைப் போடுவது என்பதை இன்னொருவர் தீர்மானித்தது. இன்று நம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் எதைப் போடுகிறோம், யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால் பலன் ஒன்றுதான்.

சொல் அப்படியே இருக்க, சரக்கு மாறிப்போவதற்கு இன்னொரு உதாரணம் நம் வீட்டிலேயே உண்டு. வேட்டிக்குப் போடும் நீலத்தை இன்றும் நீலம் என்றுதான் சொல்கிறோம். சொட்டு நீலம், பொடி நீலம் இரண்டிலும் அவுரி இல்லை. எல்லாம் ஆலையில் செய்தவை. இளைஞர்கள் உடுத்தும் ஜீன்ஸ் காற்சட்டையின் நீலமும் பெரும்பாலும் செயற்கை நீலமே. பெயருக்குச் சொந்தக்காரனான செடி வயலோரத்தில் நிற்கிறது.

இப்போது திரும்பி வந்த மவுசு

அந்தச் செடிக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. ஆரோவில்லில் நொதிக்கவைத்த அவுரித் தொட்டியில் துணி தோய்க்கிறார்கள். இயற்கைச் சாயத் துணி வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். முடிக்குப் பூசும் அவுரிப் பொடிக்கு அதைவிடப் பரவலான கிராக்கி.

இந்த நல்ல சமயத்தில்தான் பெயர்க் குழப்பம் நமக்குக் கேடு செய்கிறது. நிலாவாரைப் பொடியையும் முடிக்குப் பூசலாம் என்று வெளிநாட்டில் 'நிறமில்லா மருதாணி' என்ற பெயரில் விற்கிறார்கள். ஆகவே தலைக்கா, வயிற்றுக்கா என்று கேட்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. தலைக்குப் போகும் அவுரியிலும் இரண்டு உண்டு. 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் விற்கும் சில பொடிகளில் பாரா பினைலின் டையமின் என்ற ரசாயனச் சாயம் கலந்திருக்கிறது. சிலருக்கு அது தோலில் கொப்புளம், வீக்கம், கடும் ஒவ்வாமை உண்டாக்கும். பட்டுக்கொண்டவர் என்ன சொல்வார்? "அவுரி பூசினேன், முகம் வீங்கிவிட்டது" என்பார். தவறு செய்தது ரசாயனம்; பழி அவுரிக்கு; நஷ்டம் அவுரி பயிரிட்டவனுக்கு.

சாயம் வெளுத்துப்போயிற்று என்று பொய் வெளிப்பட்டதைச் சொல்வோம். பெயரைத் தெளிவாக வைத்துக்கொள்ளாத சரக்கின் சாயம் ஒருநாள் வெளுக்கும். அன்று சுத்தமான சரக்குக் கொடுத்தவனையும் சேர்த்துத்தான் சந்தை ஒதுக்கும்.

பழக்கத்தை மாற்ற முடியுமா?

"எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாக அதை அவுரி என்றுதான் சொல்கிறோம். அகராதியைக் காட்டி எங்கள் பேச்சைத் திருத்த நீர் யார்?" என்று தூத்துக்குடி நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஊர்ப் பேச்சு தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் ஊரில் அவர் அவுரியை அவுரி என்றே சொல்லட்டும். எங்கள் ஊரில் எங்கள் அவுரியை நாங்கள் அப்படியே சொல்கிறோம்.

பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் பரங்கி என்பதை இன்னோர் ஊரில் பூசணி என்கிறார்கள். திருஷ்டிக்கு உடைக்கிற காயும் பூசணிதான், சாம்பாருக்குப் போடுகிற காயும் பூசணிதான் என்றால் மார்க்கெட்டில் சண்டைதான் வரும். நம் பெண்கள் என்ன செய்தார்கள்? வெள்ளைப் பூசணி, மஞ்சள் பூசணி என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். வம்பு தீர்ந்தது. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் என்பதும் அப்படித்தான். யாரும் கமிட்டி போட்டு முடிவு செய்யவில்லை.

அதேபோல் 'சாய அவுரி', 'மருந்து அவுரி' என்று சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு சொல்லும் தமிழ். இரண்டும் கேட்ட மாத்திரத்தில் விளங்கும். யாருடைய பழக்கத்தையும் பறிப்பதில்லை. சாய அவுரிக்கும் சித்த வைத்தியத்தில் இடமுண்டே என்று வைத்தியர்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அது வேறு காரியத்துக்கு, வைத்தியர் பார்த்துக் கொடுப்பது. பேதிக்கு வாங்குகிறவர் கைக்கு அது தவறிப் போகக்கூடாது. மருந்து அவுரியையும் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டால் வயிற்றோட்டம் கண்டு உடம்பு தளர்ந்துபோகும் என்பதை மறக்கக்கூடாது.

செய்ய வேண்டியவை

விவசாயிகளுக்கு: அவுரி போடச் சொல்லி யார் வந்தாலும், எந்த அவுரி என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் ஓர் இலைக் காம்பைக் காட்டச் சொல்லுங்கள். நுனியில் ஒற்றையா, ஜோடியா என்று பாருங்கள். பசுந்தழை வேண்டுமா, உலர்ந்த இலை வேண்டுமா, காயும் சேர்த்து வேண்டுமா என்று கேளுங்கள். விலையோடு பெயரையும் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தாவரப் பெயரையும் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளலாம். சாய அவுரிக்கு இண்டிகோஃபெரா. மருந்து அவுரிக்குக் காசியா அல்லது சென்னா. இந்த மூன்று சொல்லை நினைவில் வைத்தால் போதும். இரண்டு செடியின் இலையையும் ஒரே களத்தில் ஒன்றாகக் காயப்போடாதீர்கள். வாங்குகிறவர் நிச்சயமாகும்வரை கால் ஏக்கருக்குமேல் இறங்காதீர்கள்.

விதை விற்போருக்கும் வியாபாரிகளுக்கும்: பொட்டலத்தின்மேல் அவுரி என்று மட்டும் எழுதுவதை நிறுத்துங்கள். என்ன செடி, எதற்குப் பயன்படுவது என்று இரண்டு வரி அச்சிட அதிகச் செலவு ஆகாது. முடிப்பொடி விற்பவர்கள் அதில் சேர்ந்த எல்லாப் பொருளையும் மறைக்காமல் போடவேண்டும். இயற்கை, மூலிகை என்ற சொற்கள் பாட்டிலை அலங்கரிப்பதற்கு மட்டும் அல்ல.

விவசாயத் துறையினருக்கும் தோட்டக்கலைத் துறையினருக்கும்: உங்கள் துண்டுப் பிரசுரங்களிலும் பயிற்சிக் கூட்டங்களிலும் இந்த இரண்டு பயிருக்கும் இரண்டு தனிப் பெயரை மாநிலம் முழுவதும் ஒரே மாதிரியாக வழங்குங்கள். விழுப்புரத்தில் ஒரு பொருளும் தூத்துக்குடியில் ஒரு பொருளுமாக ஒரே தலைப்பில் எழுதினால், படிக்கிற விவசாயி தன் ஊர்ச் செடியைத்தான் மனசில் நினைப்பான். இரண்டு செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டு விளக்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

என் தம்பி இந்த வருஷம் கால் ஏக்கரில் மறுபடியும் அவுரி தெளித்திருக்கிறான். இந்த முறை தொட்டிக்காரரிடம் முன்கூட்டியே போய், தழையைக் காட்டி, அறுப்பு நாளைப் பேசி, ஒரு நோட்டுத் தாளில் 'சாய அவுரி, பசுந்தழை' என்று எழுதி வாங்கிக்கொண்டான். அந்தத் தாளின் நகல் ஒன்று பட்டினப்பாக்கத்தில் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தழை நல்ல விலைக்குப் போனால் அடுத்த வருஷம் ஓர் ஏக்கர். போகாவிட்டாலும், இது நான் கேட்ட அவுரி இல்லை என்று இந்தத் தடவை யாரும் சொல்ல முடியாது.